எல்மர் கூப்பிட வந்தால்

— அப்ப அந்த ஆளு கோல் கம்பத்து உச்சில இருந்தாரா, எல்மர்?

— ஆமா கோச். ஏணி போட்டு ஏறி, காத்து எந்தப் பக்கம்னு பாக்குற ரிப்பன் இருக்கே, அதக் கட்டிக்கிட்டு இருந்தாரு ஓட்டோ பிராண்ட்வோல்ட். நம்ம டீமுக்கு முதல் ஸ்பெஷல் டீம் கோச் அவருதான். அதுக்கு முன்னாடி இப்ப நீ பாக்குற வேலையே கிடையாது. இந்த அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுறதுதானே அதிகம்; எப்பவாச்சும் உதைக்கிற நேரம் வந்தா, பெஞ்சுல எவன் சும்மா இருக்கானோ அவனப் புடிச்சு உள்ள தள்ளுவாங்க. உதைக்கிறதுக்குன்னு தனியா ஆளு, தனியா பயிற்சின்னு கொண்டாந்தது ஓட்டோதான்.

— மேல இருக்கும்போதேவா சொன்னீங்க?

— சேச்சே. இறங்கட்டும்னு நின்னேன். ஆனா அவரு என்னைப் பாத்துட்டாரு. எல்மர் சோர்விக் கோட்டு மாட்டிக்கிட்டு மெதுவா நடந்து வந்தா என்ன விஷயம்னு இந்த ஸ்டேடியத்துல யாருக்குத் தெரியாது? இருந்தாலும் அவசரப்படல. அந்த ரிப்பனைக் கட்டி முடிச்சு, ஏணிய நகத்தி, அடுத்த கம்பத்துலயும் கட்டிட்டுத்தான் கீழ வந்தாரு.

— என்ன வார்த்தை சொன்னீங்க?

— எல்லாருக்கும் சொல்றதுதான். 'ஹெட் கோச் உங்களைப் பாக்கணுமாம். ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க'ன்னு. புத்தகத்தத் திருப்பிக் கேட்டா சீட்டு கிழிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல விளக்கம் வேணாம்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். கேளு, இந்த லீக் பூராவும் என்னை மாதிரி ஆளுக்குத் துருக்கியன்னுதான் பேரு. தலைய வாங்க வர்றவனாம். எங்க தாத்தா நார்வேலேர்ந்து மீன் புடிக்க வந்தவரு. நான் துருக்கியன்.

— காப்பி ஆறுது, குடிங்க.

— குடிக்கிறேன். நீ எங்க உன்னோடதக் குடிச்சே? அப்படியே வச்சிருக்கே. இந்தா பாரு, காலங்காத்தால மைதானத்துக்கு வரச் சொன்னே, காப்பி வாங்கிக் குடுத்தே, வந்ததுலேர்ந்து போனவங்க கதையாவே கேட்டுக்கிட்டு இருக்கே. எனக்குப் புரியாம இல்ல.

— வந்து... என்ன புரியுது?

— அப்புறம் சொல்றேன். மூடுபனியப் பாரு முதல்ல. ஏரி பூராவும் எந்திரிச்சு வந்து இங்க படுத்துக்கிச்சு. எதிர்க் கம்பத்தைக் காணோம்.

— காணோம்தான். எங்க லூசியானாவுல இப்படி வராது. அடுத்து யாரு?

— கிளீட்டஸ் மார். அவரு பெரிய தந்திரக்காரரு. ஒரு தடவை, உதைக்கிற மாதிரி பாவலா காட்டிட்டு பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடணும்னு திட்டம். எதிராளிக்குத் தெரியக்கூடாதுன்னு ஒவ்வொருத்தன் காதுலயா போய்ச் சொன்னாரு. உதைக்கிறவன் காதை மட்டும் மறந்துட்டாரு.

— ஐயையோ.

— அவன் பாட்டுக்கு உதைச்சான். நம்மாளுங்க எல்லாம் வேற திசையில வழி பண்ணிக்கிட்டு ஓடுறானுங்க, பந்து இல்லாமயே. மறுநாள் நான் தேடிப் போனா மனுஷன் சலூன்ல இருக்காரு. பாதித் தலைதான் வெட்டியிருக்கு. பாதித் தலையோட ஒருத்தரை எப்படிக் கூப்பிடுறது? நானும் பக்கத்து நாற்காலில உக்காந்து முடி வெட்டிக்கிட்டேன். ரெண்டு பேரும் கண்ணாடியிலயே பாத்துக்கிட்டோம்.

— கண்ணாடியிலயே சொல்லிட்டீங்க.

— அப்படித்தான் வச்சுக்கோயேன். அதுக்கப்புறம் ஹவாய்க்காரரு, கெயோனி மஹோ. அவரு பனியைப் பாத்ததே இங்க வந்துதான். அன்னைக்கும் இதே மாதிரி மூட்டம். கடைசி உதை. பந்து மேல போச்சு, மூட்டத்துக்குள்ள நுழைஞ்சது, அவ்வளவுதான். விழுந்த சத்தம்கூட இல்ல. மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பாக்குது. கம்பத்தடியில நின்ன நடுவருங்களுக்கே தெரியல. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு இல்லைன்னு கைய ஆட்டிட்டாங்க.

— மஹோ?

— அவரு மட்டும் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னாரு, கம்பங்களுக்கு நடுவுல போயிடுச்சுன்னு. மறுநாள் ஏரிக்கரையில வெறுங்காலோட பனியில நின்னுக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல போனதும், 'எல்மர், பந்து போச்சா இல்லையா?'ன்னாரு. போச்சுன்னு சொன்னேன்.

— நீங்க பாத்தீங்களா?

— இல்ல. ஆனா அது பொய்யின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தோணல. பந்து இன்னும் மேலயே போய்க்கிட்டு இருக்குன்னுதான் நினைச்சுக்குவேன்.

— அது சரி. இவங்கெல்லாம் உங்க கனவுல வருவாங்களா?

— வராம? இதே மாதிரி மூட்டத்துல வரிசையா நிப்பாங்க. எல்லாரும் மேல பாத்துக்கிட்டு. நான் நடந்து வர்றேன், ஆனா ஒருத்தருக்கும் பயமில்ல. கொஞ்சம் தள்ளி எனக்கும் இடம் விடுறாங்க. எனக்கெதுக்குய்யா இடம்னு கேட்டா சிரிக்கிறாங்க. அப்ப முழிச்சுக்குவேன். மனசு நிறைஞ்ச மாதிரியும் இருக்கும், அழுகை வர்ற மாதிரியும் இருக்கும்.

— யாருக்காவது நீங்க போய்ச் சொல்ல முடியாமப் போச்சா?

— ஒருத்தருக்கு. ரஸ்ஸல் டிப்பிட். நான் அப்ப குடலிறக்க ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தேன். அவரு காரை ஓட்டிக்கிட்டு வேலைக்கு வந்துக்கிட்டு இருக்காரு, ரேடியோவுல சொல்றான், ரஸ்ஸல் டிப்பிட்டுக்கு வேலை போச்சுன்னு. மனுஷன் அப்படியே வண்டியத் திருப்பிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் இந்த ஊர்ப்பக்கம் வரல. பழைய ஆளுங்களுக்கு வருஷா வருஷம் விருந்து வைக்கிறோமே, அதுக்கும் வரல.

— வேலை போன கோபம்.

— அதில்ல கோச். வேலை போகும்னு இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரியும். எதிர்ல வந்து நின்னு, மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஒரு மனுஷன் கிடைக்கலையேன்னுதான். அது ஆறாது. இத்தனை வருஷமா பசங்க என்னைத் திட்டினாலும் நான் இந்த வேலைய விடாததுக்கு அதுதான் காரணம். வேற எதுலயும் எனக்குப் பெருமை இல்ல, இதுல உண்டு.

— ம்.

— சரி, இப்ப உன் விஷயத்துக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை பதினோரு பேரை அனுப்பாம பத்து பேரை அனுப்பிட்டே. அந்த ஓட்டை வழியா ஒருத்தன் பூந்து வந்து உதையத் தடுத்துட்டான். தோத்துட்டோம். அதுக்குத்தானே உனக்கு ராத்திரி தூக்கமில்ல, அதுக்குத்தானே என்னை வரவச்சு எப்படிச் சொல்வீங்க, எப்படிச் சொல்வீங்கன்னு துளைக்கிறே?

— வந்து... எல்மர்...

— குறுக்க பேசாத, கேளு. யாருக்காவது சீட்டு கிழியணும்னா மேலேர்ந்து முதல்ல அடிக்கிறது என் போன்தான். நேத்தெல்லாம் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அடிக்கவே இல்ல. உன் பொண்டாட்டி இப்பத்தான் இங்க ஸ்கூல் வேலையில சேந்திருக்கா. போய் அவகிட்ட சொல்லு, 'கெயில், நாம எங்கயும் போகல'ன்னு.

— தெரியும். எனக்கு ஒண்ணும் ஆகல. நேத்து சாயங்காலம் ஹெட் கோச்சே மேல கூப்பிட்டு, அடுத்த வருஷமும் நீதான்னு சொல்லிட்டாரு.

— அட. அதச் சொல்ல வேண்டியதுதானே? அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே?

— உக்காருங்க எல்மர்.

— உக்காந்துதானே இருக்கேன்.

— ஆமா. சரி. ஒரு நிமிஷம் என்னைப் பாருங்க.

— என்னப்பா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?

— இனிமே யாருக்கு வேலை போனாலும் போன்ல மெசேஜ் அனுப்பிடுவாங்களாம், கூப்பிட ஆள் தேவையில்லையாம். உங்களுக்கும் நேத்தே அனுப்பியிருப்பாங்க, நான்தான் வேணாம், அவருக்கு மட்டும் நானே நேர்ல போய்ச் சொல்றேன்னு கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன்.