கன்னியம்மா படிச்ச பேப்பர்

காய்ச்சலா? அதெல்லாம் இல்ல கண்ணு, தொட்டுப் பாரு. பயம். தாம்பரத்துல பஸ்சு ஏறனதிலேர்ந்து இப்டித்தான் கீறேன். நீ காஞ்சிபுரம் காலேஜா? நாங்க கலெக்டராபீசு. திங்கக்கெழம மனு வாங்குவாங்களாம்.

பின்னாடி சளசளன்னு பேசிகினு வர்றாளுங்களே எட்டு பேரு, எங்காளுங்கதான். ஸ்டேஷன் பக்கத்து சந்தைல ஒரே வரிசையா கீரை விக்கிறோம். அந்த எடம் போச்சுன்னா அடுப்பெரியாது. போன வருஷம் அறிவொளி கிளாஸ் வெச்சாங்க பாரு, கடைசி வரைக்கும் போனது நான் ஒருத்திதான். மொதமொத நான் படிச்சது சந்தை கேட்டுல காசு வாங்கினு தர்ற சீட்டு. ரெண்டு ரூபான்னு அச்சடிச்சிக்கீது, சீட்டு குடுக்கறவன் தெனம் மூணு வாங்கினு இருந்தான். கேட்டேன். மறாநாளே ரெண்டாயிடிச்சி. பின்னாடி கீற முனியம்மா எனக்கு ஒரு மொழம் பூ வாங்கி வெச்சா. அப்புறம் எது வந்தாலும் கன்னியம்மாக்கா படிக்கணும்.

போன மாசம் சந்தை காண்ட்ராக்டர் ஜெயவேலு ஒரு பேப்பரோட வந்தான். ஷெட்டு போட்டுத் தரேன், கைநாட்டு வையுங்கன்னான். அக்கா படிச்சாத்தான் வெப்போம்னுட்டாளுங்க. படிச்சேன். வெச்சாளுங்க. முந்தாநேத்து ஜெயவேலுவும் அவன் ஆளுங்களும் டேப்பு எடுத்துகினு அளக்க வந்துட்டாங்க. எடத்த நாங்களா வுட்டுட்டோம்னு எழுதிக் குடுத்துக்கீறோமாம், ஒண்ணாந்தேதி கெளம்பணுமாம்.

முனியம்மா அவன் சட்டையப் புடிச்சிட்டா. எங்கக்கா ஷெட்டுன்னு படிச்சிது, நீ பேப்பர மாத்திட்டேன்னு. மனுவும் அப்டித்தான் எழுதிக்கீது. கலெக்டருக்கு நான்தான் சாட்சி சொல்லணும்.

தண்ணி கீதா? ஒரு வாய் குடு.

மாத்தல கண்ணு. அதே பேப்பர்தான்.

கிளாஸ்ல எல்லாம் குண்டு குண்டா அச்செழுத்து. இது கையால கிறுக்கனது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு. ஒரு வரி கூட புரில. எட்டு பேரும் என் வாயவே பாத்துகினு நிக்கறாளுங்க, தெரிலன்னு சொல்ல வெக்கமாப் போச்சி. ஜெயவேலு வாயால சொன்னதயே பேப்பரப் பாத்துகினு நிறுத்தி நிறுத்திச் சொல்லிட்டேன். மாத்திட்டான்னு பொய் சொல்லி மாட்டிகினா எடமும் போவும், எங்க மேல கேசும் வரும். நெசத்தச் சொன்னா இவளுங்க மூஞ்சில எப்டி முழிப்பேன்?

பேனா வெச்சிக்கீறியா? படப்பைல பஸ்சு கொஞ்ச நேரம் நிக்கும், அப்ப மனுக்கு அடில எழுதிடு. ஜெயவேலு ஷெட்டுன்னு சொன்னது நெசம். கன்னியம்மாவுக்குப் படிக்க வரல, படிச்ச மாதிரி சொன்னா, அத நம்பித்தான் இவங்க கைநாட்டு வெச்சாங்க. கீழ நானே கையெழுத்து போட்டுக்கறேன்.

குண்டு குண்டா, தனித்தனியா எழுது கண்ணு. படிச்சிட்டுத்தான் போடணும்.