ஆடிட்டுன்னா கேக்கறது

இல்லீங்க மொதலாளி, அங்கதான் திருப்பூரே தப்புப் பண்ணுது. ஆடிட்டுன்னா பாக்கறதில்லீங்க, கேக்கறது. லத்தீன் வார்த்தைங்க. அந்தக் காலத்து இங்கிலாந்துல கணக்கப்பிள்ளை கணக்கைச் சத்தமா வாசிப்பான், பெரியவங்க உக்காந்து கேப்பாங்க. கண்ணுக்கு வேலையே இல்லை. எந்திரிக்காதீங்க, டீ வருது.

ஆடிட்டர் அம்மா தையல் செக்‌ஷன்லதான் இருக்காங்க. ஆளுகளைத் தனியா வெச்சு விசாரிக்கணும்னு நம்ம துணி வாங்கற பையரோட ரூல்ஸ். நீங்க போயிப் பக்கத்துல நின்னீங்கன்னா அதையும் எழுதிருவாங்க, ஆர்டரு போயிருமுங்க. உக்காருங்க.

எங்க விட்டேன்? அந்த வார்த்தைக்குப் புள்ளகுட்டி நெறையங்க. ஆடியோ ஒண்ணு. ஆடிட்டோரியம் ஒண்ணு. ஒபேன்னு இங்கிலீஸ்ல சொல்றமே, கீழ்ப்படியறது, அதுவும் அதே வயித்துல பொறந்ததுதானுங்க. நம்ம கம்பெனியில அந்தப் புள்ளையத்தான் வளத்துனோம்.

சிரிக்கறீங்க. எனக்கு அலுத்துப் போச்சுங்க. ஹெச்ஆர்னு பேரு, ஒவ்வொரு ஆடிட்டுக்கும் பொம்பளைகளை நிக்க வெச்சு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கறேன். ஓவர்டைம் கட்டாயமா? இல்லீங்க. பாத்ரூம் போக உடறாங்களா? உடறாங்க. பின்படிக்கட்டுக் கதவு? எப்பவும் தெறந்திருக்குமுங்க. ஆடிட்டு அன்னிக்குக் காத்தால மட்டும் நீங்க பூட்டைக் கழட்டுவீங்க. வர்றவங்க பாப்பாங்க, டிக் அடிப்பாங்க, போவாங்க. யாரு கேட்டா?

அட, பூட்டுனதைக் குத்தம் சொல்லலீங்க. தெச்ச பீசு திருட்டுப் போகுதுன்னு பூட்டுனீங்க. போன மாசம் அயர்ன் டேபிள்ல தீப்பிடிச்சுப் பொகை வந்தப்ப, செக்கிங் பாக்கற வேலாத்தாள் அந்தக் கதவத்தானுங்க தட்டிட்டு நின்னா. மயங்கி உழுந்தவளை ஜன்னல் வழியாத்தான் எறக்குனாங்க. பீசு ஒண்ணும் போகலீங்க.

அவளுக்கு என்ன சொல்லிக் குடுத்தேனா? ஒண்ணுஞ் சொல்லலீங்க. இந்த வாட்டி யாருக்குமே சொல்லலீங்க. நடந்ததைச் சொல்லுங்க, கேக்கறதுக்குத்தான் ஒருத்தர் வர்றாங்கன்னேன். அதான் உங்களை இங்க உக்கார வெச்சு லத்தீன் பேசிட்டிருக்கேன்.

இருங்க, சூப்பர்வைசர் குகன் போன் பண்றான். சொல்லு கண்ணு... செரி. செரி.

வேலாத்தாள் இன்னும் பேசிட்டிருக்காளாமுங்க. ஆடிட்டர் அம்மா மத்தியானச் சாப்பாடு வேண்டாம்னுட்டாங்களாம்.