ஒற்றைப்படைக் குழாய்கள்

கொய்யாப்பழம் வாங்கும்போது அழுத்திப் பார்க்காதீர்கள், சாம்பசிவன் சார். மூக்கருகே கொண்டுபோனால் போதும், அதுவே சொல்லிவிடும். அழுத்தினால் உள்ளே சுவர் உடையும். நீங்கள் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன பழம் வேறு யார் வீட்டிலோ அழுகும். பதினேழு வருஷம் இந்தச் சுவர்களோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன்.

நம் ஆய்வுக்கூடத்திலிருந்து நீக்கப்பட்ட தபீதாளின் மேல்முறையீட்டை விசாரிக்க நிர்வாகம் உங்களை நியமித்திருக்கிறது. "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம் அதிகம். அதனால் ஆதியிலிருந்தே எழுதுகிறேன்.

செடி கொடிகளின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மதில் உண்டு. காய் பழுப்பதென்றால், அந்த மதிலில் உள்ள சாந்தை நொதிகள் கரைப்பதுதான். கீழ்க்கட்டளையில் உள்ள நம் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் யக்ஞநாராயணன் அதைத்தான் ஆராய்ந்துவந்தார். 1979இல் அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் கால்மணி நேரம் நின்று, பஸ் பிடித்து, எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறப்பேன். பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பா "டாக்டர் ஞானஜோதி" என்று அடிக்கடி சொல்லிப் பார்த்துக்கொள்வார். நாலு வருஷம் அவருக்கு அதுவே பலகாரம்.

1983இல் ஐந்து பேர் கொண்ட குழுவின் முன்னால் சார் என் நோட்டை விரித்து வைத்தார். "சோதனை பண்ணாம நம்பர் எழுதியிருக்கா. நாலு நாள் கணக்கு பொய்" என்றார். ஓங்கிக்கூடப் பேசவில்லை. என் பதிவு ரத்தானது. அப்பா அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை, 88இல் இறந்துபோனார்.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். அடுத்து அவர் செய்த காரியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. இரக்கப்பட்டார். நிர்வாகத்திடம் மன்றாடி என்னை அதே ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக வைத்துக்கொண்டார். "உனக்குக் கை சுத்தம் ஜோதி. குழாய் அலம்பி அடுக்க உன்னை மாதிரி ஆள் கிடைக்காது" என்றார். "ரொம்ப நன்றி சார்" என்றேன்.

ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க வேண்டாமா? மூன்று வருஷம் குழாய் கழுவினேன்.

சோதனை எளிது. செல்சுவரைப் பொடியாக்கிக் குழாயில் போட்டு நொதியை ஊற்றுவோம். நொதி வேலை செய்தால் சுவரிலிருந்து சர்க்கரை பிரியும். மஞ்சள் நிற மருந்து ஒன்றைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் சர்க்கரை உள்ள குழாய் சிவக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, வேகவைத்துச் செத்துப்போன நொதியை ஊற்றிய குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்கும். அது மஞ்சளாகவே நிற்க வேண்டும். உயிருள்ள நொதியை ஒற்றைப்படை எண் போட்ட குழாய்களிலும் செத்ததை இரட்டைப்படைக் குழாய்களிலும் ஊற்றுவது சாரின் வழக்கம். ராகுகாலம் பார்க்கிற மாதிரி அதில் அவ்வளவு பிடிவாதம்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எனக்கு மெடிக்கல் ஷாப் குளுக்கோஸ். கடைச் சர்க்கரை இதற்கு ஆகாது, சிவக்காது. குளுக்கோஸ் கரைசலில் ஒரு சொட்டை ஒற்றைப்படைக் குழாய்களின் அடியில் விட்டு, சூட்டடுப்பில் காயவைத்து அடுக்கிவிடுவேன். கண்ணாடியில் கண்ணாடிதான் தெரியும்.

86இல் கொய்யாவில் ஒரு புதிய நொதியைக் கண்டுபிடித்துவிட்டதாக சார் நம்பினார். குளிரிலும் மதிலைக் கரைக்கிற நொதி. கட்டுரைகள் வந்தன. ஜெர்மனிக்கு அழைத்தார்கள். பல்லாவரத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். அப்போதே உடைத்துச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். படிக்கட்டில் இருந்து விழுந்தால் கால்தான் சுளுக்கும். எனக்கு அது போதாது. மாடி மாடியாக ஏறட்டும் என்று ஏழு வருஷம் விட்டுவைத்தேன்.

தபீதாள் 91இல் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். நான் போகும் சபையிலேயே பாடுகிற பெண். என்னை அக்கா அக்கா என்று சுற்றிவருவாள். கெட்டிக்காரி. எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

93 ஜூலையில் ஒரு பிற்பகல், குழாய் அடுக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். சார் அன்று ஊரில் இல்லை. இவள் விளையாட்டாக எண்களை மாற்றி ஊற்றியிருக்கிறாள்.

"அக்கா, இதைப் பாருங்களேன். நொதியை ரெட்டை நம்பர்ல ஊத்தினேன். ஆனா சிவந்தது ஒத்தை நம்பர். செத்த நொதி எப்படிக்கா வேலை செய்யும்? குழாய்லயே ஏதோ இருக்கு."

ஏழு வருஷத்தில் ஒரு பெரிய விஞ்ஞானிக்கு உறைக்காததை இந்தப் பெண் அரைநாளில் பிடித்துவிட்டாள். பெருமையாகத்தான் இருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா. முதல்ல உங்ககிட்டதான்."

"சார் வரட்டும், சேர்ந்து சொல்லலாம்" என்றேன். மறுநாள் காலையில் அவளுடைய மேஜை இழுப்பறைக்குள் குளுக்கோஸ் பொட்டலத்தை வைத்தேன். சார் வந்ததும், "சொல்லவே கஷ்டமா இருக்கு சார்" என்று ஆரம்பித்தேன்.

வேறு வழி என்ன இருந்தது? அவள் வாயைத் திறந்தால் சார் ஏமாந்தவர் ஆகிவிடுவார். ஏமாந்தவர்மேல் ஊருக்குப் பரிதாபம் வரும். அவர் பரிதாபத்துக்குரியவர் ஆவதற்கா நான் ஏழு வருஷம் பாடுபட்டேன்?

விசாரணையில் தபீதாள் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கக்கா, நான்தானே உங்ககிட்ட வந்து காட்டினேன்" என்றாள். "என்கிட்ட யாரும் எதையும் காட்டல சார்" என்றேன். அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். பொத்தேரியில் வேலை பார்த்த மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்த மோதிரத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். இப்போது சானடோரியம் பக்கத்தில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். அவள் அப்பா வில்பிரட் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணுக்காக ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார். பண்ணினேன்.

அவள் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. அவள் வருவதற்கு முன்பே சிவந்த குழாய்கள்தானே என்று சாருக்குத் தன் நொதிமேல் நம்பிக்கை. இனி மோசடி இல்லை என்று நிரூபிக்க அவர் தன் கையாலேயே எல்லாவற்றையும் திரும்பச் செய்தார். குழாய்கள் முன்போலவே சிவந்தன. "என் மேற்பார்வையில் சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டு அச்சிட்டார். அடுத்த மார்ச்சில் பெங்களூரிலிருந்து விஞ்ஞானிகள் இருவர் அதைச் செய்துபார்க்கச் சொந்தக் குழாய்களோடு வந்தார்கள். ஒன்றும் சிவக்கவில்லை. நம் குழாய்களை வெறும் தண்ணீரில் அலசி அந்தத் தண்ணீரைச் சோதித்தார்கள். குளுக்கோஸ்.

பழிபோட இந்த முறை பெண் யாரும் இல்லை. என்னையும் கேட்டார்கள். "நான் கழுவி வைப்பேன். அப்புறம் ஒரு தடவை சாரே எடுத்துப்போய்க் காயவைப்பார்" என்றேன். குழாய் கழுவுகிறவளுக்கு இதில் என்ன லாபம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். சார்தான் செய்தார், அந்தப் பெண்ணும் கூட்டு என்று தீர்ப்பு. இப்படித்தான், சாம்பசிவன் சார், தபீதாளின் பெயர் அதில் மாட்டிக்கொண்டது. இனி நீங்கள் தாராளமாக எடுத்துவிடலாம்.

பக்கவாதம் வந்து அவர் படுத்த பிறகு, வாராவாரம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். போன மாதம் மாமி காப்பி போட உள்ளே போனபோது, கட்டிலருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை சொட்டு, எந்தக் குழாய், எந்த வருஷம், ஒன்றும் விடவில்லை. அவருக்குப் பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. மாமி வந்து பார்த்து, "நீ வந்தாலே அவருக்குக் கண் கலங்கிடறது ஜோதி. உன்மேல அவ்வளவு பிரியம்" என்றாள். துண்டால் நானே துடைத்துவிட்டேன். அந்த வாரமே போய்விட்டார்.

அவர் இருக்கும்வரை அது எங்கள் இருவருக்குள் இருந்தது. இப்போது தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பதினொரு வருஷ உழைப்பு யாருக்கும் தெரியாமல் போவதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் எழுதுகிறேன், தபீதாளுக்காக என்று நினைத்துவிடாதீர்கள்.

போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டீர்கள்: 83இல் அவர் என்மீது சொன்னது உண்மையா என்று. அந்த நாலு நாளும் அடைமழை, கீழ்க்கட்டளை முழுக்க மின்சாரம் இல்லை. கொதிநீர்த் தொட்டி ஓடவில்லை. அந்த எண்களை நான் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினேன். ஆனால் மின்சாரம் இருந்து, சோதனை செய்திருந்தால், அதே எண்கள்தான் வந்திருக்கும்.