கதவில் சாய்ந்து ஜெபித்தவர்

ஓடுகிறோம். கரும்புத் தோகை முகத்தை அறுக்கிறது. இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை. பின்னால் பட், பட், பட். துப்பாக்கி என்று அலறுகிறாள் ஒருத்தி. இல்லை. கூரை மூங்கில் கணுக்கணுவாக வெடிக்கிறது. எங்கள் தெரு எரிகிறது.

"குனிஞ்சிக்கினே ஓடுங்க! நிமிராதீங்க!" கத்துவது நான்தான்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம். பங்குனி மாதம். வெள்ளிக்கிழமை, பகல். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணில் படும் ஊர். நடந்ததைப் போர் என்று யாரும் சொல்லவில்லை. கலவரம் என்றார்கள். கலவரமென்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் யாரை அடித்தோம்? கரும்பு வெட்டக் கூலி உயர்த்திக் கேட்டோம். தராமல் கத்தியைத் தொடமாட்டோம் என்றோம். தெருவைக் கொளுத்துவோம் என்று நிலக்காரர்கள் ஆள் விட்டுச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் யாக்கோபு சபைக்கு மூப்பர். உடனே உபவாச ஜெபம் வைத்தார். ஏரிக்கரையில் காவலுக்கு ஆள் நிறுத்தச் சொன்னேன். கர்த்தர் காவல் இருப்பார் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கர்த்தர் கண்ணு குடுத்தது மூடிக்கினு இருக்கவா?" என்று கேட்டேன். அவர் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜெபக்கூடத்துக்குப் போய்விட்டார். கோபம் வந்தால் அவர் பேசமாட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். உபவாச ஜெபத்தில் முழங்காலிட்டால் மூப்பர் ஆமென் சொல்லும்வரை எழக்கூடாது. கண் திறக்கக்கூடாது. கதவு உள்தாழ். உபவாசம் முடிக்கும் கஞ்சியை மட்டும் ஒருத்தி வெளியே காய்ச்சுவாள். அன்றைக்கு நான். ஜெபிக்கத் துப்பில்லாதவளுக்கு அடுப்படி என்று பின்னால் பேசினார்கள். பேசட்டும்.

சங்கராபுரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அது ஓய்ந்ததும் வேறு சத்தம். ஆட்களின் சத்தம். ஏரிக்கரை முழுக்கத் தலைகள். கையில் தீப்பந்தம். பட்டப்பகலில் தீப்பந்தம் எதற்கு? கஞ்சி அகப்பையைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

"வந்துக்கினு இருக்கானுங்க! எய்ந்திருங்க!"

யார் காதில் விழும்? உள்ளே எல்லோரும் ஒன்றாகச் சத்தம்போட்டு ஜெபிக்கிறார்கள். முன்கதவுக்குப் போனால் தீப்பந்தக்காரர்கள் கண்ணில் படுவேன். ஜெபக்கூடத்தின் பின்சுவர் மண் பூசிய மூங்கில் தட்டி. கரும்பு வெட்டும் கத்தியை எடுத்தேன். வெட்டினேன். 'இயேசுவே, இயேசுவே' என்று சொல்லிச் சொல்லி வெட்டினேன். கையெல்லாம் சிராய். ஆள் நுழையும் ஓட்டை விழுந்தது. உள்ளே பாய்ந்தேன். பெண்களை உலுக்கினேன். ஒருத்திகூடக் கண் திறக்கவில்லை. ஆமென் வரவில்லையே!

நானே கத்தினேன். அடிவயிற்றிலிருந்து.

"ஆமென்!"

அடங்கிப்போனது கூடம். எல்லோரும் கண் திறந்தார்கள். அவரும் திறந்தார். என் கையில் கத்தியைப் பார்த்தார். பின்சுவரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் முன்கதவில் முதல் உதை. தாழ்ப்பாள் ஆணி கழன்று ஆடியது. அவர் எழுந்து போய்க் கதவில் முதுகைக் கொடுத்தார். காலை ஊன்றினார்.

"இட்டுக்கினு போ! எல்லாரையும் இட்டுக்கினு போ!"

"நீங்க?"

"போடி!"

அதுவரை என்னை அவர் 'டி' போட்டதில்லை. போனேன். ஓட்டை வழியாகப் பிள்ளைகளைத் தள்ளினேன். கிழவிகளை இழுத்தேன். அவர் கதவில் சாய்ந்தபடி உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உதைக்கும் அவர் குரல் உடைந்தது. மறுபடி எழுந்தது. கரும்பின் ஓரம்வரை கேட்டது. அப்புறம் மூங்கில் வெடிக்கும் சத்தம்தான்.

மலையடிவாரம் வந்தோம். மலைக்காரப் பெண்கள் சாமைக் கஞ்சி கொடுத்தார்கள். வாங்கிக் கீழே வைத்தேன். தலைகளை எண்ணினேன். ஓட்டை வழியாக வந்த எல்லோரும் இருந்தார்கள். திரும்ப எண்ணினேன். உட்கார முடியவில்லை. முழங்கால் போட்டேன். எழுந்தேன். பாதைக்கு ஓடிப் பார்த்தேன். வந்து மறுபடி முழங்கால் போட்டேன். இன்றைக்கும் நான் அப்படித்தான். நிலைகொள்ளாது.

உங்களைக் காப்பாற்றியது ஜெபமா, கத்தியா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களை அறையலாம் போலிருக்கிறது. ஒரு கை தட்டினால் ஓசை வருமா? அவர் முதுகு கதவில் இருந்தது. வாய் கர்த்தரிடம் இருந்தது. இதில் எதைப் பிரிப்பேன்? அவர்மேல் கோபமும் இருக்கிறது. காவல் போட்டிருக்கலாம். ஐயோ, போட்டிருக்கலாமே.

எரிந்தவை: எங்கள் தெருவின் அத்தனை வீடுகளும். ஜெபக்கூடம். கட்டிப்போட்டிருந்த ஆடுகள், ஒரு சினைப் பசு. விதைக் கேழ்வரகு. இரண்டு கல்யாணப் புடவைகள்.

பார்க்க வந்த அதிகாரி, "நல்ல வேளை, உயிர்ச்சேதம் ஒண்ணுதான்" என்றார்.

ஆமாம். ஒன்றுதான். யாக்கோபு. எனக்கு இருந்ததும் ஒன்றுதான்.