படகுல எழுதாத பேரு

...அதான் தங்கச்சி சொல்றேன், பேரு வெக்கிறது பெருசில்ல. வெச்ச பேரக் காப்பாத்தறதுதான் பெரும்பாடு. உக்காரு. இந்தப் பதிவாபீசுல நம்ம முறை வர்றதுக்குள்ள இந்தக் கைப்புள்ள பள்ளிக்கூடம் போயிருவா. நீயும் பொண்ணுக்குத்தான் பேரு பதிய வந்தியா? நல்லது.

என் மூத்தவ பேரு ஆர்கிலினா. புருஷன் ஆர்கீமெதெஸ், நான் லினா. பாதி அவரு, முழுசா நானு. உலகத்துக்கே ஒரே ஒரு ஆர்கிலினான்னு நெனச்சேன். இப்ப எங்க ஹராமிஹோ கடற்கரையில நின்னு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு, பத்து தல திரும்பும். எதுத்த வூட்டு கார்மெனும் அதையே வெச்சுட்டா. அவ புருஷன் லூயிஸு. "ஏண்டி, அந்தப் பேருல நீங்க ரெண்டு பேரும் எங்கடி இருக்கீங்க"ன்னு கேட்டேன். "நடுவுல ஒளிஞ்சிருக்கோம்"ங்கறா. திமிரப் பாத்தியா.

எப்படிப் பரவுச்சா? ம்ம்... பொண்ணு பொறந்தா அப்பங்காரன் படகுல அவ பேர எழுதுவான்ல. அவரு சின்னதா எழுதலாம்னாரு. நாந்தான் விடல. ரெண்டு பக்கமும் செவப்புல, கரையில நின்னாலே தெரியற மாதிரி. மொத நாளே படகு முங்கற அளவுக்கு சூரை மீனு. அவ்வளவுதான், ராசியான பேருன்னு கெளம்பிருச்சு. யாரு கெளப்புனாங்களா... நானும் கொஞ்சம் சொல்லிருப்பேன். சந்தையில, மாதா கோயில்ல, பல்லு புடுங்கப் போன எடத்துல. யாராச்சும் தப்பாச் சொன்னா நிறுத்தித் திருத்துவேன் வேற. தப்பா சொல்றதக் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியாது, அது எனக்கு ஒரு வியாதி.

அதனால மடியில கெடக்கற இந்தச் சின்னவ பேர படகுல எழுதல. யாருகிட்டயும் மூச்சு விடல. பாதிரியாருக்கே தெரியாது. பதியறதுக்கு முன்னாடி வேற எவளாவது இந்தப் பேர வெச்சுட்டா, மாமியா பேர அப்படியே வெச்சுரணும்னு என் புருஷன் சத்தியம் வாங்கிட்டாரு. பெல்கிஸ். வூட்டுக்குள்ள ஒரு பெல்கிஸு என்னை அதட்டுறது போதாதா? நாளைக்கு நான் புள்ளய வஞ்சா, கெழவி "என்னைத்தான சொல்ற"ன்னு தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுருவா.

உன் புள்ள ஏன் இப்படி அழுவுறா, பசியா? இந்தா, என் டோக்கன் சீட்ட வெச்சுக்க, நீ முன்னாடி போ. பரவால்ல, எனக்கென்ன அவசரம். பேரு இன்னும் முடிவாகலையா? வூட்ல மரியான்னு சொல்றாங்களா... நல்ல பேருதான். வெறும் தண்ணி மாதிரி. குடிக்கலாம், ருசி இருக்காது.

என் பொண்ணு பேரா? அது மட்டும் கேக்காத...

சரி, நீ மன்தா டவுன்காரி, எங்க ஊருப் பக்கம் வரவா போற. கிட்ட வா. எவ்தெல்கிஸ். எங்கம்மா எவ்தோக்சியா, மாமியா பெல்கிஸ், ரெண்டு பேரையும் ஒண்ணா அடைச்சு வாயடைச்சாச்சு. சொல்லு பாப்போம். "யூ" இல்ல புள்ள, "எவ்". ம். பாரு, கடைசி "ஸ்"ஸ முழுங்கிட்ட. கடக்கரக்காரங்களுக்கே இதே பழக்கம், மீன் சூப்போட சேத்து அதையும் முழுங்கிருவோம். பல்லக் கடிச்சு காத்த விடு. இன்னொரு தடவ. ஆங்... என் புருஷனுக்கே இவ்வளவு சுத்தமா வரல.

கூப்புடறாங்க பாரு, போ போ. புள்ள தலையில வெயிலு படாம மூடிக்க.

நல்ல பொண்ணு. வாயத் தொறக்காம எவ்வளவு நேரம் கேட்டுச்சு. என்னடி செல்லம், நீயும் முழிச்சுட்டியா? இரு, அவங்க முடிச்சதும் நாமதான். அங்க என்ன பேரு சொல்றா... எவ்... இரு இரு. அடிப்பாவி. "ஸ்" கூட வெச்சுல்ல சொல்றா. அந்த ஆபீசரு என்ன படிக்கிறாரு? யூதெல்கியா?

யூ இல்ல சார், யூ இல்ல. எவ். எவ்-தெல்-கிஸ். கடைசில ஒரு "ஸ்" போடுங்க. ஆமா சார், நல்லாத் தெரியும்... நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.