கொலுவுக்கு வரும் வழி

என் மனைவி இல்லாத முதல் நவராத்திரிக்கு முந்தைய வாரம் அது. கரமனையிலிருந்து வஞ்சியூர் செல்லும் பேருந்தில் முன்னிருக்கையில் அக்காளும் தங்கையும் அமர்ந்திருந்தனர். தங்கை விவாகரத்து மனு கொடுக்கப் போகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

"குழந்தை யார்கிட்ட, ஜீவனாம்சம், எல்லாம் வக்கீல்ட்ட கேட்டாச்சோ?" என்றாள் அக்காள்.

"கேட்டாச்சு. ஒண்ணுதான் கேக்கலை. டிவோர்ஸ் ஆனவளைக் கொலுவுக்குக் கூப்பிட்டுத் தாம்பூலம் குடுப்பாளா?"

"அசடே, அது வக்கீலுக்கு எப்படித் தெரியும்? எங்காத்துக்கு வா, நான் தரேன்."

"உன் மாமியார்?"

அக்காள் சற்றுத் தயங்கினாள். "அவா கோவிலுக்குப் போற நேரமா வாயேன்."

"கொல்லைப்பக்கமா வரட்டுமா?" என்று தங்கை சிரித்தாள்.

நீதிமன்ற நிறுத்தத்தில் எழுந்தபோது அக்காள் தங்கையின் கையைப் பற்றினாள்.

"வாசல் வழியாவே வா. மாமியாரும் இருக்கட்டும்."