லைட்டை அணைத்துப் பார்த்தால்...

— அசையாதீங்கக்கா! நர்ஸம்மா வாரதுக்குள்ள லைட்டை அணைச்சுபோடறேன். ஜன்னல் திரையையும் இழுத்தாச்சு...

— அடேய் பாலுசாமி! நேத்துத்தான் எனக்கு ஆபரேசன் முடிஞ்சிருக்குது. என்ன கூத்துடா இது?

— ஒரே நிமிசமுங்க. நீங்க மின்னறீங்களான்னு பாத்துக்கறேன்.

— மின்னறதுக்கு நானென்ன மின்மினிப் பூச்சியா?

— உடம்புல சாயம் ஏத்தி இருட்டுல பாத்தாங்கன்னு போன்ல சொன்னது யாருங்க?

— அது வெறுங்கண்ணுக்குத் தெரியாதாமா. கேமராவுக்குத்தான் தெரியுமாம். டாக்டர் ரித்திகா காலைல வந்து வெவரமாச் சொன்னாங்க. லைட்டைப் போடு.

— போடறேன், போடறேன்... மொதல்ல அந்த வெவரத்தைச் சொல்லுங்க.

— மார்ல இருந்த கட்டியை எடுத்தாச்சு. எடுத்த குழிக்குள்ள மிச்சம் ஏதாச்சும் ஒட்டிட்டு நிக்குதான்னு பாக்கோணுமில்லே? கண்ணுக்கு எல்லாம் ஒரே சதைதான். அதுக்குத்தான் முன்கூட்டியே ஊசில சாயம். அப்பறம் லைட்டைக் கொறச்சுபோட்டு, பேனாவாட்டம் ஒரு கேமராவைக் குழிக்குள்ள உட்டா, புத்துநோய் இருக்கற எடம் மட்டும் டிவில பளிச்சுன்னு...

— அட! நம்ம துடியலூர் பட்டறைல பம்பு வார்ப்புக்குக் கீறல் பாக்கறதும் இப்படித்தானுங்கக்கா. சாயத்தைப் பூசித் தொடச்சு, இருட்டு ரூம்ல நீல லைட்டை அடிச்சா மயிரிழைக் கீறல்கூடப் பச்சையா எரியும்!

— கடைசில அக்காளைப் பம்பாக்கிபோட்டே.

— பம்புக்கு இந்த வாய் இருக்காதுங்க. செரி... அந்தச் சாயம் நல்ல சதையை உட்டுபோட்டுப் புத்தை மட்டும் எப்படிங்க புடிக்குது?

— புத்துகிட்டத்தான் அதிகமாச் சுரக்கற சரக்கு ஏதோ இருக்குதாம். அது பட்டாத்தான் சாயம் முழிச்சுக்குமாம்.

— உங்களுக்கு முழிச்சுதுங்களா?

— ஒரு ஓரத்துல, அரிசி நுனியாட்டம். அங்கயே தோண்டி எடுத்துட்டாங்க. இல்லாட்டி லேப் ரிப்போர்ட்ல தெரிஞ்சு, மறுக்கா கீறியிருப்பாங்க. இப்பவும் ரிப்போர்ட் வந்தாத்தான் முழு நிம்மதி... ஏன்டா, செல்லைக் கையிலயே புடிச்சுட்டு நிக்கறே? அந்த வெளிச்சத்துல மூஞ்சி பேயாட்டம் இருக்குது. எப்பவும் சட்டைப் பாக்கெட்டுலதானே வெச்சிருப்பே?

— பாக்கெட் கிழிஞ்சுபோச்சுங்க. அக்கா... அந்தக் கட்டி மொதல்ல வலிச்சுதுங்களா?

— வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடியிருப்பேனே! சுண்டக்காயாட்டம் கெட்டியாக் கெடந்துது. வலியே இல்ல. அதான் கண்டுக்காம உட்டுபோட்டேன்.

— வலியே இல்லீங்களா... அமுக்குனா நகருமுங்களா?

— நகராது. ஏன்டா? நாச்சியம்மாளுக்கு ஏதாச்சும்...? கட்டுன பொண்டாட்டி விசயத்தை என்கிட்ட மறைக்காதே!

— அவளுக்கு ஒண்ணுமில்லீங்க.

— மக லோகப்பிரியாவுக்கா?

— ஐயோ, புள்ளை நல்லாருக்கறா.

— பின்ன எதுக்கு இந்தப் போலீஸ் விசாரணை?

— சும்மா... தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதானுங்க.

— செரி, நானும் ஒண்ணு சொல்லோணும். இது குடும்பத்துல வாரதாவும் இருக்கலாமாம். கூடப்பொறந்தவங்களைக் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்னாங்க டாக்டர். நான் சிரிச்சுபோட்டேன். எனக்கு அக்கா தங்கச்சி யாருமில்லீங்க, மீசை வெச்ச தம்பி ஒருத்தன்தான்னு சொன்னேன்.

— டாக்டர் சிரிச்சாங்களா?

— சிரிக்கலடா. தம்பியா இருந்தாலும் கூட்டிட்டு வாங்கன்னாங்க. அதுக்குத்தான் உன்னைய வரச்சொல்லிப் போன் பண்ணுனேன். பஞ்சாமிர்தம் தின்னோணும், வாங்கிட்டு வான்னு சொன்னதெல்லாம் சும்மா.

— தம்பியையுமா வரச்சொன்னாங்க...

— பாலுசாமி? கோவமா? கொரலே எறங்கிபோச்சே சாமி. மொதல்ல அந்த லைட்டைப் போடு.

— வேண்டாங்கக்கா... இருட்டாவே இருக்கட்டும். பாக்கெட் கிழியலீங்க. கையைக் குடுங்க... இங்க, பாக்கெட்டுக்குக் கீழ.